தன் பெயரைச் சொல்லாத கருவி

12 ஆகஸ்ட் 2004, வியாழன்

சினம் தணியவில்லை, ஆகவே எழுதுகிறேன்.

இன்று எங்கள் பீங்கான் தொழிற்கூடத்துக்குப் புதிய கணினி வந்தது. முதலாளியின் மருமகன் பிரிண்டரைச் செருகியதும், கணினி அதன் பெயரைத் தானே திரையில் காட்டியது. அடுத்து, சூளையின் சூட்டை அளக்கும் பழைய கருவியைச் செருகினார், ஒன்றும் தோன்றவில்லை.

"இது செத்துப்போச்சு, தூக்கிக் கடாசுங்க," என்றார்.

"சாகல சார். பழசு, அதுக்குத் தன் பேரைச் சொல்லத் தெரியாது. நாமதான் கம்ப்யூட்டருக்குச் சொல்லணும்," என்றேன்.

"இந்தக் காலத்துல எல்லாத்தையும் மெஷினே கண்டுபுடிச்சிக்கும்க்கா. நீங்க போயி லேபிள் ஒட்டுங்க," என்று சிரித்தார்.

அவர் வெளியே சென்றதும் அமர்ந்தேன். அக்கருவியின் ஆங்கிலக் கையேட்டை அகராதியின் துணையோடு வரிவரியாகக் கற்றவள் நான். கணினி தன் பின்புறத்து எந்த இணைப்பு வாயில் (போர்ட்) வழியே, எந்த வேகத்தில் அதனோடு பேச வேண்டும் என்று இரண்டு எண்களை இட்டேன். கருவியின் முனையை என் டீயில் நனைத்தேன். திரையில் வெப்பம் ஏறியது.

அப்போது முதலாளி உள்ளே வந்தார். "அட, மெஷினே கண்டுபுடிச்சிடுச்சா! மாப்ள வாங்குனது சோடை போவுமா?"

பின்னால் வந்த மருமகன் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையாட்டினார். "இனிமே கம்ப்யூட்டருக்குன்னு தனியா ஆளு வேணாம் மாமா," என்றார்.

அந்த ஆள் நான்தான்.

நாளைக் காலை, சூளை மூட்டும் முன்னர், முதலாளியின் கண்ணெதிரே அவ்விரு எண்களையும் அழிப்பேன். எழுந்து, நாற்காலியை மருமகன் பக்கம் பணிவோடு நகர்த்துவேன். "கண்டுபுடிக்கச் சொல்லுங்க சார்."