வெறும் போல்டர்

நவ. 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. இன்றைய வேலை: கட்டிங் ரூம் பிரிண்டர், பழைய மவுஸ் மாற்ற, பாக்ஸ் சத்தம்.

மூன்றாவதுதான் கவலை. கம்பெனியின் டீ-ஷர்ட் பேட்டர்ன் முழுக்க, பாக்ஸ் என்று நாங்கள் கூப்பிடும் அந்தச் சின்னக் கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. உள்ளே டிக் டிக். பேட்டர்ன் மாஸ்டர் கரீம் பாய் காதை வைத்துக் கேட்டார்.

"என்னம்மா சுகன்யா, உள்ள பல்லி கில்லி பூந்துருச்சா?"

பல்லி இல்லை. ஹார்டு டிஸ்க் சாகிற சத்தம். அவரிடம் சொல்லவில்லை, சிரித்து மழுப்பினேன்.

பேக்கப் இருக்கிறதே, ஏன் பதற வேண்டும்? தினமும் மதியம் என் புரோகிராம் தனி யு.எஸ்.பி. டிஸ்க்கில் காப்பி எடுக்கிறது. டிஸ்க் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கும். இன்றைய ரிப்போர்ட்டும் அதேதான்: "டிஸ்க் உள்ளது. காப்பி முடிந்தது."

நவ. 19, புதன்

மழை. யு.எஸ்.பி. டிஸ்க்கைக் கையோடு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று பாக்ஸுக்குப் பின்னால் கையை விட்டேன். ஒயர் இருந்தது. டிஸ்க் இல்லை.

ஒயர் முனையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். கம்பெனியைப் பெருக்கித் துடைக்கும் செல்வியக்கா வந்தார், கேட்டேன்.

"அந்தக் கறுப்பு டப்பாங்களா? ஆயுத பூசைக்கு எல்லாத்தையும் நிறுத்திப்போட்டுத் தொடைச்சுப் பொட்டு வெச்சமுங்க. அதைச் சாமிகிட்ட வெச்சதுங்க. மொதலாளியம்மா எடுத்துப் பத்திரமா வெச்சிருப்பாங்க."

பத்திரமாக! பூசைக்கு நான் லீவு, குன்னத்தூரில் சுண்டல் தின்றுகொண்டிருந்தேன். ஒன்றரை மாதமாக டிஸ்க் இல்லை. அப்படியென்றால் தினமும் "உள்ளது" என்று எதைப் பார்த்துச் சொன்னது?

புரோகிராமைத் திறந்து பார்த்தேன். என் தப்பு. நூற்றுக்கு நூறு என் தப்பு.

எந்த டிஸ்க் மாட்டியிருக்கிறது என்று கேட்க ஒவ்வொரு சிஸ்டத்திலும் ஒவ்வொரு வழி. ஆபீஸில் லினக்ஸ். இந்த நிமிடத்துப் பட்டியல் ஒரு கோப்பாகவே கிடைக்கும், படித்தால் போதும். பாக்ஸில் ஓடுவது பி.எஸ்.டி. என்கிற வேறு சிஸ்டம். அந்தக் கோப்பு அங்கே கிடையாது, சிஸ்டத்தின் மூளையான கர்னலிடம் நேராகக் கேட்க வேண்டும். நான் பெரிய கெட்டிக்காரி அல்லவா. எங்கே போட்டாலும் ஓட வேண்டுமே என்று, பட்டியல் கிடைக்காவிட்டால் எஃப்எஸ்டேப் கோப்பைப் படி என்று எழுதியிருக்கிறேன். அதில் இருப்பது எதெல்லாம் மாட்ட வேண்டும் என்பது மட்டும். ஷிப்டு லிஸ்டில் பேர் இருக்கிறது, ஆகவே டெய்லர் மெஷினில் உட்கார்ந்திருக்கிறார் என்கிற கதை.

டிஸ்க் இல்லாவிட்டாலும் அதை மாட்டுகிற இடத்தில் ஒரு வெறும் போல்டர் இருக்கும். எழுதினால் எழுதிக்கொள்ளும். ஒன்றரை மாதக் காப்பியும் சாகிற அதே டிஸ்க்கில்தான்.

பயமாக இருக்கிறது. சோறு இறங்கவில்லை.

நவ. 20, வியாழன்

வானம் மூடாக்கு. முதலாளி கேபின் வாசல் வரை இரண்டு முறை போய்த் திரும்பினேன். மூன்றாவது முறை அவரே பார்த்துவிட்டார்.

"ஏங்கண்ணு வாசல்லயே நிக்கறே? உள்ள வா."

சொன்னேன். பாதிக்கு மேல் அழுகை. அவர் கத்தவில்லை, அதுதான் இன்னும் பயம்.

"ஆர்டர் குடுத்த பையர் ஓகே பண்ணுன பேட்டர்னு?"

"பூசைக்கு அப்புறம் போட்டதுங்க சார். பாக்ஸ்ல மட்டுந்தான் இருக்குதுங்க."

உடனே வீட்டுக்குப் போன் போட்டார். அரை மணியில் அவர் சம்சாரம் மஞ்சள் பையோடு வந்தார். டிஸ்க் மேல் சந்தனம், குங்குமம், சருகாகிப்போன ஒரு பூ.

"சாமிகிட்ட வெச்சதைக் கண்ட எடத்துல போடக்கூடாதுன்னு ஊட்டுப் பூசை அலமாரில வெச்சேன் கண்ணு. தப்பா?"

பூவை எடுத்துவிட்டுச் சந்தனத்தைத் துடைத்தேன். மாட்டினேன். இந்தத் தடவை கர்னலையே கேட்டேன். அதையும் நம்பாமல், அந்தப் போல்டரின் டிஸ்க் எண்ணையும் அதற்கு மேலே இருக்கும் போல்டரின் டிஸ்க் எண்ணையும் ஒப்பிட்டேன். வேறு வேறு. அப்படியானால் நிஜமாகவே மாட்டியிருக்கிறது.

காப்பி ஓடியது. டிக். டிக். கரீம் பாய் பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்குள் துவா. நானும் எனக்குத் தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். பையர் பேட்டர்ன் வந்துவிட்டது! பதினோரு பைல் வரவில்லை.

"அதை நான் மறுபடி வரைஞ்சுக்கறேன், போம்மா. மூஞ்சியக் கழுவு."

நவ. 21, வெள்ளி

வெயில். புரோகிராமைத் திருத்தியாயிற்று. இனி கர்னல் பதில் சொல்லாவிட்டால் "தெரியவில்லை" என்று சொல்லி நின்றுவிடும், ஊகம் செய்யாது. டிஸ்க்கைக் கழற்றி ஓட்டினேன். "டிஸ்க் இல்லை." அதைப் படித்ததும் இரண்டு நாளில் முதல் முறையாகப் பசித்தது. இரண்டு பப்ஸ்.

சாப்பிடும்போது முதலாளி எட்டிப் பார்த்தார்.

"அவிநாசில எம் மச்சினன் கம்பெனிக்கும் இதையேதானே போட்டுக் குடுத்தே?"

ஆமாம். போன வருடம். அதே மாதிரி பாக்ஸ், அதே புரோகிராம். எங்கே போட்டாலும் ஓடும் என்று பெருமையாக வேறு சொன்னேன். உடனே அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிற கவிதாவுக்குப் போன்.

"கவிதா, பேக்கப் டிஸ்க் எங்க இருக்குது?"

"பூசை ரூம்லதானுங்கக்கா. நானே கூப்பிடோணும்னு இருந்தேன். நேத்துக் கரண்டு போயிட்டு வந்ததுல இருந்து பாக்ஸ் ஆனே ஆவ மாட்டீங்குதுங்க. தெனமும் டிஸ்க் உள்ளதுன்னு வந்துச்சுல்லீங்க, அதனால யாரும் பயப்படாதீங்கன்னு சொல்லி வெச்சிருக்கறனுங்க."