மாலுமியின் மீசை

என் பிடிவாதக்காரிக்கு,

காது கேளாத உனக்கு என் உதட்டசைவை மீசை மறைக்கிறதென்று சண்டை போட்டு, தியெப்பில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். நான் மசியவில்லை.

இங்கே ஊமைப்படத்தில் எனக்குச் சாகும் மாலுமி வேடம். மழையில் செட் கரைந்தது. காற்று கூடாரத்தைக் கடலில் போட்டது. படம் தாமதமானதற்குக் கடைசியில் பழி என் மேல்.

"பெரியவரே, மீசையை எடுங்க. நீங்க சாகுறீங்களா, தூங்குறீங்களான்னே தெரியல" என்றார் இயக்குநர்.

"பொண்டாட்டி கேட்டே எடுக்கல. உமக்கா எடுப்பேன்?"

படப்பிடிப்பு நின்றது. மறுநாள் நானே மழித்துக்கொண்டேன், அவருக்காக அல்ல.

படத்தில் மகளாக நடிப்பவளிடம் ஏதாவது முனகிவிட்டுச் சாகச் சொன்னார். முனகினேன். கேமரா இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. படம் தியெப்புக்கு வரும்போது முன்வரிசையில் உட்கார்ந்து என் வாயைப் பார். அதில் உன் பெயரும் வரும். அதையெல்லாம் கடிதத்தில் எழுத மாட்டேன்.

பார்த்ததும் புறப்பட்டு வா. மேலுதடு குளிர்கிறது.

இன்னும் மசியாத,
உன் கிழவன்