அம்மன் சொன்ன ஓட்டு

1984 டிசம்பர், வெள்ளிக்கிழமை

கண்டாச்சிபுரத்திலிருந்து தங்கை சரோஜா வந்தாள். மகன் பிறந்தபோதே எங்கள் அம்மன் கோயிலில் மொட்டை என்று வேண்டிக்கொண்டவள். வாசலிலேயே நின்று, "வேற கோயில்ல போட்டுக்கறோம்க்கா" என்றாள்.

என் வீட்டுக்காரர்தான் இந்தக் கோயில் பூசாரி. போன வாரம் தேர்தல் மேடையில் வேட்பாளருக்கு மாலை போட்டு, "அம்மனே இவருக்குத்தான் ஓட்டுப் போடச் சொல்றா" என்று பேசிவிட்டார். சரோஜாவின் புருஷன் மற்றக் கட்சிக்கு வேலை செய்கிறவர்.

"அப்ப நாங்க அம்மனுக்கு ஆவாதவங்கதான? எந்த மொகத்த வெச்சிக்கினு புள்ளைய அவ முன்னால உக்கார வெப்போம்?" சொல்லும்போதே அழுதாள். தண்ணீர்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டாள்.

அன்று மேடையில் சொன்னது அம்மனா, நீங்களா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. பதில் தெரிந்துவிட்டால் நாளைக்கு நான் எப்படிப் போய் அவளுக்கு விளக்கேற்றுவேன்?