நைனா வயதுத் துப்பாக்கி

அனுப்புநர்
த. முனியம்மாள் (வயது 55),
த/பெ. தருமலிங்கம் (மறைவு),
பசியாவரம், பழவேற்காடு அஞ்சல்,
பொன்னேரி வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: தந்தையின் இரட்டைக்குழல் துப்பாக்கி – வாரிசு உரிமம் கோரிய விண்ணப்பத்தில் தயாரிப்பு ஆண்டைத் தவறாக எழுதியது – திருத்தம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 22.09.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை தருமலிங்கம் சென்ற ஆண்டு ஐப்பசியில் காலமானார். அவர் பெயரில் உரிமம் இருந்த துப்பாக்கியைச் சென்னையில் ஓர் ஆயுதக் கடையில் ஒப்படைத்துவிட்டு, உரிமத்தை என் பெயருக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பித்தேன். அதில் தயாரிப்பு ஆண்டு 1952 என்று எழுதியிருந்தேன்.

2. உரிமப் புத்தகத்தில் என் தாத்தா பெயரில் உள்ள முதல் பதிவே 1949-இல் இருக்க, துப்பாக்கி 1952-இல் எப்படித் தயாராகும் என்று கேட்டுள்ளீர்கள். நியாயமான கேள்வி. துப்பாக்கி பிறக்கும் முன்பே அதற்கு உரிமம் வாங்கிய குடும்பம் எங்களுடையதாகத்தான் இருக்கும். ஆனால் முப்பது நாளுக்குள் சரியான விளக்கம் வராவிட்டால் பொய்த் தகவல் தந்ததாக நடவடிக்கை எடுக்கப்படும் என்றும், துப்பாக்கி அழிக்கப்படும் என்றும் அக்கடிதத்தில் உள்ளது. அதைப் படித்த நாள் முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

3. வாத்து சுட வந்த வெள்ளைக்காரத் துரை ஒருவருக்கு என் தாத்தா படகோட்டினார். துரை அந்தத் துப்பாக்கியைப் புத்தம் புதிதாகக் கொண்டுவந்த மாதத்தில்தான் என் தந்தை பிறந்தாராம். பின்னாளில் துரை தம் நாட்டுக்குப் போகும்போது அதைத் தாத்தாவிடமே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். "நானும் அதுவும் ஒரே வயசு" என்று நைனா சொல்லாத நாளில்லை. ஆகவே ஆண்டு கேட்ட இடத்தில், நைனாவின் வாக்காளர் அட்டையில் இருந்த பிறந்த ஆண்டைப் பார்த்து எழுதிவிட்டேன்.

4. எங்கள் தீவில் அந்தக் காலத்தில் பிறந்தவர்களுக்குச் சான்றிதழ் கிடையாது. வாக்காளர் பட்டியலுக்குக் கணக்கெடுக்க வந்தவர், படகுத் துறையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஆளைப் பார்த்து வயது போட்டுக்கொண்டு போனார். நைனா ஒடிசலாக, முடி நரைக்காமல் இருந்தார். பதினான்கு வயது குறைந்துவிட்டது. எனக்கும் அவருக்கும் பதினெட்டே வயது வித்தியாசம் வருகிறதே என்று நானும் யோசிக்கவில்லை.

5. கடிதம் கண்டதும் ஆயுதக் கடைக்குப் போனேன். அங்கே பழுது பார்க்கும் அப்துல் லத்தீப் என்ற பெரியவர், குழலுக்கு அடியில் உள்ள மரத்தைக் கழற்றி, அழுக்கைத் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். குழலைச் சோதித்த ஆண்டின் முத்திரை அங்கே குத்தியிருந்தது. 1938. "எண்பத்தேழு வருசத்துச் சாமான் இது, இன்னாம்மா அம்பத்திரண்டுனு எழுதிக்கீறே?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். திரும்பிப் பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. அப்படியானால் கண் மூடும்போது நைனாவுக்கு எண்பத்தாறு.

6. இது தங்கள் கோப்புக்குத் தேவையில்லாத செய்தி. சொல்ல வீட்டில் வேறு ஆள் இல்லாததால் எழுதுகிறேன். கணவர் இறந்து, பிள்ளையும் இல்லாமல், நைனாவிடமே திரும்பி வந்தவள் நான். கடைசி இரண்டு வருடம் அவர் பகலிலும் படுத்துக்கொள்வார். "உன் வயசுக்காரங்கல்லாம் இன்னும் வலைக்குப் போறாங்க, நீ இன்னா நைனா சோம்பேறியாட்டம் கெடக்குறே?" என்று ஏசியிருக்கிறேன். குடிதண்ணீர்க் குடத்தைத் தூக்கி வர அனுப்பியிருக்கிறேன். எழுபது தாண்டியவர்தானே என்றுதான் அனுப்பினேன். அவரும் தூக்கி வந்தார்.

7. நான் துப்பாக்கியைச் சுடுவதற்காகக் கேட்கவில்லை. ஏரி பறவைகள் சரணாலயமான பிறகு அது ஒருமுறையும் வெடித்ததில்லை. உப்புக்காற்றில் துரு ஏறாதபடி, தினமும் பொழுது சாய்ந்ததும் நைனா அதை எண்ணெய்த் துணியால் துடைப்பார். துடைத்து வைத்த பிறகுதான் சாப்பாடு. அவர் கை ஓய்ந்த பின் நான் துடைத்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது எப்போது சாப்பிடுவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே லத்தீப் அவர்கள் எழுதித் தந்த கடிதத்தையும் முத்திரையின் புகைப்படத்தையும் ஏற்று, ஆண்டை 1938 எனத் திருத்தி, அறியாமல் செய்த பிழையை மன்னித்து, உரிமத்தை என் பெயருக்கு மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். சட்டம் இடம் தராது, அழிக்கத்தான் வேண்டும் என்றால், அந்த நாளை விண்ணப்பத்தில் நான் தந்த கைபேசி எண்ணில் முன்கூட்டியே தெரிவியுங்கள். நான் வந்து நிற்பேன். எந்த நேரத்தில் அழைத்தாலும் நானே எடுப்பேன், எடுக்க வேறு யாரும் இல்லை.

இன்னொரு வேண்டுகோள். இறப்புச் சான்றிதழில் நைனாவின் வயது 72 என்று பதிவாகிவிட்டது. திருத்த வேண்டுமென்றால் பிறப்புச் சான்று கேட்கிறார்கள். அவர் பிறந்ததற்கு என்னிடம் இருக்கும் ஒரே சான்று அந்தத் துப்பாக்கிதான். எனவே உரிமம் தந்தாலும் தராவிட்டாலும், தங்கள் உத்தரவில் "முந்தைய உரிமதாரர் தருமலிங்கம், இறக்கும்போது வயது 86" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள் ஐயா.

இடம்: பசியாவரம்
நாள்: 14.10.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
த. முனியம்மாள்
(கையொப்பம்)

இணைப்பு: உரிமப் புத்தக நகல், பழுது பார்ப்பவரின் கடிதம், முத்திரையின் புகைப்படம், இறப்புச் சான்றிதழ் நகல்.