தலைதீபாவளி மோதிரம்

ஐப்பசி 10, செவ்வாய்க்கிழமை

காலையில் அப்பா சினையாடுகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு கோவில்பட்டிச் சந்தைக்குக் கிளம்பினார். எனக்கும் அவருக்கும் இது தலைதீபாவளி. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டுமாம். இந்த வருடம் மழை பிந்திவிட்டது. விதைத்த உளுந்து முளைக்கவில்லை. வீட்டில் மிச்சம் இருப்பது இந்த ஆடுகள்தான்.

வாசலில் போய் மறித்தேன். "மோதிரம் வேண்டாம்ப்பா. தையில குட்டி போடுத ஆட்டையா விப்பீங்க?"

"மாப்பிள்ளைய வெறுங்கையோட அனுப்புனா ஊர்ல என்ன பேசுவாவ? தள்ளுட்டி" என்றார்.

"அவியள்ட்டயே கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் நில்லுங்க."

கழுகுமலை ரோட்டில் இருக்கும் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். தூத்துக்குடியில் அவர் வேலை பார்க்கும் கடைக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கம்மைட்ட என்னட்டி சொல்ல?" என்றார்.

"நாந்தான் வேண்டாம்னேன்னு சொல்லுங்க. எனக்கும் பட்டு எடுக்காதீங்க. சுங்குடி போதும்."

"ஒன் இஷ்டம்" என்று சிரித்தார். சிரிப்பா, சலிப்பா, தெரியவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா ஆடுகளோடு வெயிலில் அப்படியே நின்றார். அவர் சம்மதித்ததைச் சொன்னேன். அவற்றைத் தொழுவில் கொண்டுபோய்க் கட்டினார். ராத்திரி சாப்பிடும்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மானம் போய்விட்டதாக நினைக்கிறார்.

தீபாவளி முடிந்து தூத்துக்குடிக்குப் போனதும் அத்தையின் கண் முதலில் அவர் விரலில்தான் விழும். விழட்டும். பதிலை நானே சொல்லிக்கொள்கிறேன்.