விரிந்த கண்மணி

அன்பு மகனுக்கு,

நான் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு லோஷினி எழுதுகிறாள்.

ஆறு வருடத்துக்கு முன், தைப்பூசத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, செம்பனை எண்ணெய் ஆலையிலிருந்து தும்மிக்கொண்டே வந்தாய். சந்தேகப்பட்டு உன் முகத்தில் டார்ச் அடித்தேன். கண்மணி அகல விரிந்திருந்தது, வெளிச்சத்துக்கும் சுருங்கவில்லை.

"அலர்ஜி மாத்திரைப்பா, சத்தியமா."

"யார்கிட்டடா கதை விடுற? போதைக்காரன் கண்ணு எனக்குத் தெரியாதா?"

அன்றைக்கே செடெனாக் ஊருக்குப் போய், உனக்குப் பேசிய பெண்ணின் அப்பாவிடம் காரணத்தைச் சொல்லி, நிச்சயத் தாம்பூலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். மறுநாள் நீ சிங்கப்பூர் போனாய். அதன்பிறகு வரவேயில்லை.

போன மாதம் எனக்கும் அலர்ஜியில் அரிப்பு வந்து கிளினிக்கில் அதற்கான மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன். வெயிலில் கண் கூசியது. மறுபடி போனேன். டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார்.

"மாத்திரையால கண்மணி விரிஞ்சிருக்கு, தாத்தா. சிலருக்கு இப்படி ஆகும். பயப்படாதீங்க."

"வயசுப் பையனுக்கும் ஆகுமா?"

"ஆகலாமே."

நேற்று செடெனாக் போய் உண்மையைச் சொன்னேன். அந்தப் பெண்ணுக்கு இப்போது இரண்டு பிள்ளைகளாம். "இனி சொல்லி என்னங்க ஆகப்போகுது?" என்று அவள் அப்பா தேத்தண்ணி வைத்தார். குடிக்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

நீ வர வேண்டாம். ஒரு தடவை போன் பண்ணு. என்னைத் திட்டு. நான் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்கிறேன்.

உன் அப்பா