யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்

மார்ச் 3, செவ்வாய்

கீழ்வீட்டுத் தையல்காரர் மறுபடி வந்துவிட்டார். இந்த முறை கையில் துணியோடு. வெட்டுவதற்கு முன்னால் சுருங்கட்டும் என்று நனைத்துக் கொடியில் போட்டிருந்த வெள்ளைத் துணி. நடுவில் எங்கள் பால்கனித் தொட்டிகளின் சேற்றுத் தண்ணீர் சொட்டிப் பழுப்பு வட்டங்கள்.

"எத்தனை தடவைதான் சொல்றது? நீங்க செடியில தண்ணி ஊத்துறீங்களா, என் பொழப்புல ஊத்துறீங்களா?"

கண்ணாடிக் கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன், செருப்பைக்கூடக் கழற்றவில்லை. எனக்குப் பின்னால் நின்ற அத்தை, "இன்னைக்கு நான் தண்ணியே ஊத்தலையே" என்றார். கையில் பூவாளி. அதன் மூக்கிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

மாமியார் பொய் சொன்னால் கோபப்படலாம். அத்தை பொய் சொல்லவில்லை. ஊற்றியதே அவருக்கு நினைவில்லை.

மார்ச் 4, புதன்

கப்பலிலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார். சொன்னேன். "வயசானா மறக்கத்தான் செய்யும். நீ ஊதிப் பெருசாக்காதே."

இயந்திர அறை வேலை. எப்போதும் பின்னால் இரைச்சல், கத்தினால்தான் காதில் விழும். உங்க அம்மாவுக்கு என்னமோ ஆகுதுங்க என்பதை எப்படிக் கத்திச் சொல்ல? அத்தை பக்கத்து அறையில் இருக்கிறார்.

மார்ச் 8, ஞாயிறு

புதுத் தொட்டிகள் வந்துவிட்டன. தானே தண்ணீர் எடுத்துக்கொள்ளும் வகை. அடியில் ஓர் அறை, அதில் தண்ணீர். அங்கிருந்து மண்ணுக்குள் ஒரு திரி ஏறுகிறது. வேருக்கு வேண்டியதை அது உறிஞ்சிக் கொடுக்குமாம். ஓரத்தில் ஊற்றுவதற்கு ஒரு குழாய். அதற்குள் சிவப்பு மிதவை, கீழே இறங்கினால் தண்ணீர் தீர்ந்தது என்று பொருள். வாரம் ஒருமுறை நிரப்பினால் போதும்.

தக்காளி, மிளகாய், புதினா எல்லாவற்றையும் மாற்றி நட்டேன். பழைய தொட்டிகளில் மண் களியாகி நாறிக் கிடந்தது. மிளகாய்ச் செடியின் வேர் பாதி அழுகல். பாவம், மூச்சு முட்டிப் போயிருக்கிறது.

அத்தை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்போ நான் என்ன பண்ண?"

"நீங்க சும்மா உக்காந்து பாருங்க அத்தை."

இதைவிட நல்லதாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மார்ச் 15, ஞாயிறு

சும்மா உட்காரவில்லை. மேலேயிருந்து ஊற்றிக்கொண்டே இருக்கிறார். அடியறை நிரம்பி, பக்கத்து ஓட்டை வழியாக வழிந்து மறுபடி கீழே. வீட்டு ஓனர் போன் செய்து, இன்னொரு புகார் வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

பூவாளியைப் பரணில் தூக்கிப் போட்டேன். பால்கனிக்குப் பக்கத்திலிருந்த வாளி, குவளை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினேன். குளியலறை வாளியைச் சுவரோடு கட்டியாயிற்று. அடியறையை நிரப்புவதும் இனி அத்தை குளிக்கும் நேரத்தில்தான்.

மார்ச் 22, ஞாயிறு

தக்காளியில் மஞ்சள் பூ. கீழேயிருந்து சத்தமில்லை. வாரம் முழுக்க நிம்மதி.

மார்ச் 27, வெள்ளி

நிம்மதி என்று எழுதியிருக்கவே கூடாது.

வேலையிலிருந்து வந்ததும் அத்தை என் கையைப் பிடித்துப் பால்கனிக்கு இழுத்துப் போனார். மண்ணுக்குள் விரலை விட்டு எடுத்துக் காட்டினார். ஈரம்.

"நான் ஊத்தல. நீயும் ஊத்தல. அப்புறம் யாரு ஊத்துறா?"

தொட்டியின் குழாய், திரி, மிதவை எல்லாவற்றையும் காட்டிச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார். கேட்டு முடித்துக் குரலைத் தாழ்த்தினார். "யாரோ வந்து போறாங்கம்மா. நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது."

ஏப்ரல் 2, வியாழன்

காவல் காக்கிறார். நாற்காலியைப் பால்கனி வாசலில் போட்டு, மடியில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு பகல் முழுக்க. சாப்பாட்டையும் அங்கேயேதான் கேட்கிறார். வாசல் கதவின் தாழ்ப்பாளை நாலு தடவை தொட்டுப் பார்க்கிறார்.

அத்தை ஊற்ற வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கீழ்வீட்டோடு சண்டை வேண்டாம் என்று. அத்தை இல்லாமலே செடி தழைத்தால் அத்தைக்கு அது எப்படி இருக்கும் என்று யோசித்தேனா? தான் ஊற்றாத தண்ணீர் மண்ணில் இருந்தால், இன்னொருவர் இருக்கிறார் என்றுதானே அர்த்தம். கணக்கு சரியாகத்தான் போடுகிறார்.

இவரிடம் சொன்னேன். "அம்மா விளையாட்டுக்குச் சொல்லியிருப்பாங்க." போனை வைத்துவிட்டேன். முதல் தடவையாக நானே வைத்தேன்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும்.

கடைக்கு விடுமுறை. அடுப்பில் முட்டை வேகப் போட்டுவிட்டு, தெருமுனைக்கு ரொட்டி வாங்கப் போனேன். போய்த் திரும்பும் தூரம்தானே என்று. திரும்பினால் கதவு உள்ளே தாழ்.

"அத்தை, நான்தான். தொறங்க."

"எந்த நான்?"

"உங்க மருமக."

"அவ வேலைக்குப் போயிருக்கா. அவ குரல்ல பேசினா தொறந்துடுவேனா?"

தட்டினேன். கெஞ்சினேன். தட்டத் தட்ட உள்ளே நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தம். அப்புறம் வாசனை. முதலில் தீய்ந்த நாற்றம், பிறகு துணி கருகும் நாற்றம். ஐயோ, கைப்பிடித் துணியை அடுப்புக்குப் பக்கத்திலேயே வச்சுட்டு வந்துட்டேனே! கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை.

தையல்காரர் கழுத்தில் அளவுநாடாவோடு ஓடிவந்தார். கதவில் காதை வைத்தார், மூக்கை உறிஞ்சினார், ஒன்றும் பேசாமல் கீழே இறங்கி ஓடினார். அவர் கடையில் மேல்தட்டுத் துணி எடுக்க ஓர் ஏணி உண்டு. அதை எங்கள் பால்கனிக்குச் சாத்தியிருக்கிறார்.

நான் கதவுக்கு இந்தப் பக்கம். உள்ளே அத்தையின் அலறல் மட்டும் கேட்டது. அதைத் தொடர்ந்து துடைப்ப அடி, பொத் பொத்தென்று. நடந்ததைப் பிறகு தையல்காரரே சொன்னார். ஒரு காலைப் பால்கனிக் கம்பிக்கு உள்ளே போட்டதும் முதுகில் விழுந்ததாம்.

"நீதானா! நீதானா தினம் வந்து தண்ணி ஊத்துறது!"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தாராம். அத்தையின் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"ஆமாம்மா. நான்தான். மாட்டிக்கிட்டேன். போய்க் கதவத் தொறந்து உங்க மருமகளக் கூப்பிடுங்க. தனியா என்னைப் பிடிக்க முடியாது உங்களால."

நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது. அத்தையின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"வா, வா! பிடிச்சுட்டேன்!"

நான் சமையலறைக்கு ஓடினேன். துணி எரிந்து, அலமாரிக் கதவின் ஓரம் பற்றத் தொடங்கியிருந்தது. தண்ணீர் வாரி இறைத்து அணைத்தேன். திரும்பி வந்தபோது அந்த மனுஷன் பால்கனித் தரையில் சம்மணம் போட்டு, தலைகுனிந்து, திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 10, வெள்ளி

அத்தை இன்று காவல் காக்கவில்லை. கள்ளன்தான் அகப்பட்டுவிட்டானே.

தையல்காரரிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். முதுகைத் தேய்த்துக்கொண்டார். "எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமே தங்கச்சி. கெழவி வேணும்னே பண்ணுதுன்னு நெனச்சு நானும் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன்."

இவரிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். அத்தைக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று கத்தியே சொன்னேன். "அம்மாவுக்குத் தீக்காயம் எதுவும் இல்லையே?" என்றார். விளையாட்டு என்று சொல்லவில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

தையல்காரர் வந்தார், வாசல் வழியாக. அத்தைதான் கதவு திறந்தார். "கேட்டுட்டு வரணும்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

பூவாளியைப் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். அவர் ஊற்ற, அத்தை குழாய்க்குள் குனிந்து மிதவையைப் பார்க்க.

"ஊத்து... ஊத்து... நிறுத்து! சிவப்பு மேல வந்துடுச்சு, கண்ணு தெரியலையா?"

"தெரியலம்மா. அதான் உங்களக் கூட்டு வச்சிருக்கேன்."

போகும்போது என்னிடம் மெதுவாகச் சொன்னார். நான் வேலைக்குப் போகும் நேரத்தில் அத்தை அவர் கடையில் உட்காரட்டுமாம், அவர் மனைவியும் அங்கேதான் இருப்பாராம். புதினாவில் ஒரு கைப்பிடி பறித்து அவர் கையில் கொடுத்தேன்.

மே 6, புதன்

டாக்டர் அத்தையிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார். "உங்களுக்கே தெரியாதா?" என்று அத்தை திருப்பிக் கேட்டார். சிரித்துவிட்டேன். டாக்டர் சிரிக்கவில்லை.

வெளியே என்னிடம் தனியாகச் சொன்னதை இங்கே எழுத வேண்டாம். எழுதாவிட்டாலும் மறக்காது. இவருக்கு அப்படியே செய்தி அனுப்பினேன். "கிளம்பி வர்றேன்" என்று ஒரே வரி வந்தது.

மே 24, ஞாயிறு

இவர் நேற்று வந்தார். வாசலில் அத்தை, "வாங்க" என்றார். வாடா இல்லை, வாங்க. இவர் பையை இறக்கி வைக்காமல் அப்படியே நின்றார்.

அடுத்த கப்பலுக்குப் பெயர் கொடுக்கவில்லையாம்.

இன்று காலையில் திருப்புளி எடுத்துக்கொண்டு எல்லாக் கதவுகளின் உள்தாழ்ப்பாள்களையும் கழற்றத் தொடங்கினார். வாசல், குளியலறை, பால்கனி. அத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு என் பக்கம் சாய்ந்தார்.

"நல்லா வேலை செய்றாரு. கூலி பேசிட்டியா?"

நான் இவரைப் பார்த்தேன். காதில் விழுந்திருந்தது.

"பேசியாச்சும்மா" என்றார் இவர், திரும்பாமலே. திருகாணி இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக மரத்தூள் பசை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்.